கேன்ஸ் விழாவுக்கு அடித்தளம் போட்ட அமைச்சர், விழாவைப் பார்க்காமலே கொல்லப்பட்டது ஏன்? யார் இந்த ழான் ஸே?

1946 செப்டம்பர் 20. பிரான்ஸின் கடற்கரை நகரமான கேன்ஸில் முதல் சர்வதேச திரைப்பட விழா தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் விளக்கு, வாணவேடிக்கை, நட்சத்திரங்கள்.

இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 22. அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, விஷி நகரத்துக்குப் பக்கத்துக் காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் ஒரு பள்ளத்தில் மனித எலும்புகளைப் பார்த்தார்கள். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளூர் கல்லறையில் புதைத்துவிட்டார்கள்.

அந்த எலும்புகள் ழான் ஸே என்பவருடையவை. கேன்ஸ் விழாவைத் தொடங்க அரசு சார்பில் ஒப்புதல் வாங்கிக் கொடுத்து, ஏற்பாடுகளை முன்னின்று நடத்திய கல்வி அமைச்சர். கொல்லப்பட்டபோது வயது 39.

ஒரு சினிமா விழாவுக்கும் ஒரு அமைச்சரின் கொலைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு முதலில் இத்தாலியின் வெனிஸ் நகரத்துக்குப் போக வேண்டும்.

முசோலினி பெயரில் ஒரு கோப்பை

அந்தக் காலத்தில் உலகத் திரைப்பட விழா என்றால் அது வெனிஸ்தான். 1932-ல் தொடங்கிய விழா. கேன்ஸ், பெர்லின் எல்லாம் அப்போது கிடையாது. ஆனால் இத்தாலியை ஆண்டது முசோலினி. 1934-ல் இருந்து அங்கே கொடுக்கப்பட்ட உயரிய விருதின் பெயரே முசோலினி கோப்பை. பெயரைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

1937-ல் பிரான்ஸின் ழான் ரெனுவார் எடுத்த 'தி கிராண்ட் இல்யூஷன்' படம் அங்கே போனது. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிக்கிய பிரெஞ்சு அதிகாரிகளின் கதை. போர் எவ்வளவு அர்த்தமற்றது என்று சொல்லும் படம். பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் நாஜிகளுக்கு அந்தப் படம் கண்ணில் விழுந்த தூசி. கோப்பை வேறொரு பிரெஞ்சுப் படத்துக்குப் போனது. ரெனுவாரின் படத்துக்கு ஒரு ஆறுதல் பரிசு மட்டும்.

அடுத்த வருஷம் மறைப்பதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. 1938-ல் இரண்டு முசோலினி கோப்பைகள் அறிவிக்கப்பட்டன. வெளிநாட்டுப் படத்துக்கான கோப்பை லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வுக்கு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் பற்றி நாஜி அரசின் ஆதரவோடு எடுக்கப்பட்ட ஆவணப்படம் அது. இத்தாலியப் படத்துக்கான கோப்பை 'லூசியானோ செர்ரா, பைலட்' என்ற விமானப்படைக் கதைக்கு. அந்தப் படத்தின் தயாரிப்பை மேற்பார்வை செய்தவர் யார் தெரியுமா? முசோலினியின் மகன் விட்டோரியோ!

அதாவது ஒரு கோப்பை ஹிட்லர் தரப்புக்கு, இன்னொன்று சொந்த வீட்டுக்கு. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கப் பிரதிநிதிகள் கொதித்துப் போனார்கள்.

பிரான்ஸ் சார்பில் அங்கே போயிருந்தவர் ஃபிலிப் எர்லாஞ்சே. வெளிநாடுகளில் பிரெஞ்சுக் கலைகளைக் கொண்டு சேர்க்கும் அரசு சார்ந்த அமைப்பின் பொறுப்பாளர். ரயிலில் ஊர் திரும்பும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. எந்த அரசும் நடுவர்களை மிரட்ட முடியாத ஒரு விழாவைப் பிரான்ஸே நடத்தினால் என்ன?

யோசனை நல்லதுதான். ஆனால் அரசாங்கத்தில் யாராவது அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமே. எர்லாஞ்சே போய் நின்ற இடம், கல்வி மற்றும் நுண்கலைத் துறை அமைச்சர் ழான் ஸேயின் அலுவலகம்.

31 வயதில் கல்வி அமைச்சர்

ழான் ஸே பிறந்தது 1904 ஆகஸ்ட் 6, ஓர்லியான் நகரத்தில். அப்பா லியோன் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். அம்மா அலிஸ் பள்ளி ஆசிரியை, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். பையன் வளர்ந்தது அம்மாவின் வழியில்தான். ஆனாலும் பிற்காலத்தில் எதிரிகளுக்கு அவருடைய குடும்பப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

வழக்கறிஞராகி, 27 வயதில் ஓர்லியானில் இருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1936-ல் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சியைப் பிடித்தது. பிரதமர் லியோன் ப்ளம், 31 வயது ழான் ஸேயிடம் கல்வித் துறையை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணி உடைந்தது. கல்வி அமைச்சர் மட்டும் மாறவே இல்லை. ஆட்சி அடிக்கடி கவிழும் அந்தக் காலப் பிரான்ஸில், 3 ஆண்டுகளுக்கு மேல் ஒரே துறையில் இருந்ததே பெரிய விஷயம்.

இருந்த காலத்தில் சும்மாவும் இருக்கவில்லை. கட்டாயக் கல்வி வயது 13-ல் இருந்து 14 ஆனது. பள்ளிகளில் உடற்கல்விக்கு இடம் கிடைத்தது. வகுப்பறைக்குள் கட்சிப் பிரசாரமும் மதப் பிரசாரமும் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். இன்று உலகின் பெரிய அறிவியல் ஆராய்ச்சி அமைப்புகளில் ஒன்றாக இருக்கும் பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையம் (சி.என்.ஆர்.எஸ்) உருவானதிலும் அவர் பங்கு முக்கியமானது.

இவ்வளவு செய்தும் வலதுசாரிப் பத்திரிகைகள் அவரை விடவில்லை. காரணம் ஒரு பழைய கவிதை. 19 வயதில் நண்பர்கள் வட்டத்துக்காக அவர் எழுதிய ஒன்று. முதல் உலகப் போரின் சாவுகளைப் பார்த்த கோபத்தில், ராணுவக் கொடியைக் கடுமையான வார்த்தைகளில் சாடியிருந்தார். வேறொரு எழுத்தாளரின் பாணியில் எழுதிப் பார்த்த விளையாட்டு அது, அச்சுக்குத் தந்ததும் இல்லை. ஆனால் அது எதிரிகள் கையில் சிக்கியது. இன்றைக்குப் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ஆளை அடிப்பார்கள் இல்லையா, அதே மாதிரிதான். தேர்தல் வந்தாலும் அந்தக் கவிதை, அமைச்சரானாலும் அந்தக் கவிதை. தேசத் துரோகி, யூதன் என்ற முத்திரை கடைசிவரை போகவில்லை.

விழா எங்கே நடத்துவது?

எர்லாஞ்சேயின் யோசனையை ழான் ஸே உடனே பிடித்துக்கொண்டார். உள்துறை அமைச்சர் அல்பேர் சரோவும் ஆதரவு. முட்டுக்கட்டை வந்தது வெளியுறவுத் துறையில் இருந்து. ஏன்னா, 1938 செப்டம்பர் கடைசியில்தான் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லருடன் மியூனிக் ஒப்பந்தம் போட்டிருந்தன. எப்படியாவது போரைத் தள்ளிப்போட வேண்டும் என்ற தவிப்பு. இந்த நேரத்தில் வெனிஸுக்குப் போட்டியாக விழா நடத்தி முசோலினியைச் சீண்டுவானேன் என்பது அவர்கள் கணக்கு.

அந்தத் தயக்கத்தைத் தாண்டி அனுமதி கிடைக்கவே 1939 ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, எந்த ஊர்? பல ஊர்கள் போட்டி போட்டன. மே மாதம் வரை அட்லாண்டிக் கரையில் இருக்கும் பியாரிட்ஸ்தான் முன்னிலையில் இருந்தது. கேன்ஸ் ஊர் ஹோட்டல் முதலாளிகள் விடவில்லை, கடைசி நேரத்தில் பேசிப் பேசியே காரியத்தைச் சாதித்தார்கள். மே 31-ல் கேன்ஸ் நகராட்சியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக சினிமாவின் அடையாளமாகிப் போன கேன்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் கொஞ்சம் ஹோட்டல் வியாபாரமும் இருக்கிறது!

விழா தேதி 1939 செப்டம்பர் 1 முதல் 20 வரை. கௌரவத் தலைவர் லூயி லூமியேர். சினிமா என்ற கலையே பிறக்கக் காரணமான லூமியேர் சகோதரர்களில் ஒருவர். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும்கூட அழைப்பு போனது. இரண்டு நாடுகளும் வரவில்லை.

அமெரிக்காவில் இருந்து 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்', 'யூனியன் பசிபிக்' உள்ளிட்ட படங்கள் பட்டியலில் இருந்தன. கேரி கூப்பர், டைரோன் பவர், நார்மா ஷியரர் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் கப்பலேறினார்கள். 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்' படத்துக்காகக் கடற்கரையில் அட்டையிலேயே ஒரு தேவாலயம் எழும்பியது.

ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. கேன்ஸில் தங்கியிருந்தவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். விழா 10 நாள் தள்ளிவைக்கப்பட்டது. தனிக்காட்சியாகத் திரையிடப்பட்டது அந்த 'ஹன்ச்பேக்' படம் ஒன்று மட்டும்தான். செப்டம்பர் 1, விழா தொடங்கியிருக்க வேண்டிய அதே நாளில், ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. இரண்டு நாளில் பிரான்ஸும் போரில் இறங்கியது. அவ்வளவுதான், விழா ரத்து.

பதவியை விட்டுப் போர்முனைக்கு

ழான் ஸே செய்த அடுத்த காரியம் அன்று பலரை ஆச்சரியப்படுத்தியது. அமைச்சர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். அமைச்சராக இருந்தவர் போருக்குப் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. தன் வயதுக்காரர்கள் எல்லாம் போர்முனைக்குப் போகும்போது தான் மட்டும் பாரிஸ் அலுவலகத்தில் இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. செகண்ட் லெப்டினன்ட் பதவி. இத்தனைக்கும் எதிரிகள் அவரைத் திட்டியது கொடியை அவமதித்தவர் என்று!

1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. அரசாங்கமே போர்தோ நகரத்துக்கு ஓடி வந்திருந்தது. வட ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து போரைத் தொடரலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதற்காக எம்.பி.க்களை ஏற்றிச்செல்ல அரசே 'மசிலியா' என்ற கப்பலை ஏற்பாடு செய்தது. உரிய அனுமதியோடு ழான் ஸேயும் ஏறினார். கூடவே கர்ப்பிணி மனைவி மேட்லீனும் மூத்த மகளும். ஜூன் 21-ல் கப்பல் புறப்பட்டது.

நடுக்கடலில் இருக்கும்போது கரையில் எல்லாம் தலைகீழானது. மார்ஷல் பெத்தான் தலைமையிலான அரசு ஜெர்மனியுடன் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அனுமதியோடு போனவர்கள் ஒரே நாளில் ஓடிப்போனவர்கள் ஆகிவிட்டார்கள். ஆகஸ்ட்டில் மொராக்கோவில் ழான் ஸே கைது செய்யப்பட்டார். இரண்டாவது மகளும் அந்த ஆண்டுதான், அங்கேதான் பிறந்தாள்.

அக்டோபர் 4, கிளெர்மோன்-ஃபெரான் ராணுவ நீதிமன்றம். எதிரியின் முன்னால் படையை விட்டு ஓடினார் என்று குற்றச்சாட்டு. தண்டனை, ஆயுள் முழுக்க நாடு கடத்தல், ராணுவப் பதவி பறிப்பு. அதே கப்பலில் போய், அதே மாதிரி வழக்கில் சிக்கிய இன்னொரு எம்.பி. பியேர் மெந்தேஸ் ஃபிரான்ஸுக்குக் கிடைத்தது 6 ஆண்டு சிறை. ழான் ஸேக்கு மட்டும் ஏன் இந்த ஆயுள் தண்டனை? பிரெஞ்சு வரலாறு தெரிந்தவர்களுக்கு உடனே ஒரு பெயர் ஞாபகம் வரும். 1894-ல் பொய்க் குற்றச்சாட்டில் யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸுக்குக் கொடுக்கப்பட்டதும் இதே தண்டனைதான்.

போர்க்காலத்தில் கடல் தாண்டி அனுப்ப வழியில்லை. அதனால் 1941 தொடக்கத்தில் ரியோம் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். மனைவியும் குழந்தைகளும் அதே ஊரில் வந்து குடியேறினார்கள். சந்திப்புகளுக்கு அனுமதி இருந்தது. சிறை முற்றத்தில் கொஞ்சம் தோட்ட வேலை, மிச்ச நேரமெல்லாம் எழுத்து. புனைபெயரில் ஒரு துப்பறியும் நாவல் எழுதி, அது 1942-ல் வெளியாகவும் செய்தது. சிறையில் இருக்கும் முன்னாள் அமைச்சர் எழுதியது என்று வாசகர்களுக்குத் தெரியாது. சிறைக் குறிப்புகளை மனைவி ரகசியமாக வெளியே கொண்டுவந்தார்.

ஆள் சிறையில் இருந்தது மட்டும் எதிரிகளுக்குப் போதவில்லை. ரேடியோவிலும் பத்திரிகையிலும் அவருக்கு எதிரான வெறுப்புப் பேச்சு நிற்கவே இல்லை.

1944 ஜூன் 20

நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. விடுதலை பக்கத்தில் வந்துவிட்டது என்று சிறையில் இருந்தவர்களுக்கும் தெரியும். அந்த ஜூன் 20 அன்று ரியோம் சிறைக்கு மூன்று பேர் வந்தார்கள். கையில் வேறு சிறைக்கு மாற்றும் உத்தரவு. வந்தவர்கள் மிலிஸ் எனப்படும் துணைப்படைக்காரர்கள். விஷி அரசு உருவாக்கிய, நாஜிகளோடு சேர்ந்து வேலை பார்த்த பிரெஞ்சுப் படை.

காரில் ஏற்றி மோல் என்ற கிராமத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று உடைகளைக் கழற்றிவிட்டு, சைத்தானின் கிணறு என்று உள்ளூரில் சொல்லப்படும் பள்ளத்தில் தள்ளினார்கள். பாரிஸ் விடுதலையாக இன்னும் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தது.

குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் மேட்லீன் காத்திருந்தார். 1945 ஜூலையில் ரியோம் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து, அவர் குற்றவாளி இல்லை என்றது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. அவருக்கு என்ன ஆனது என்று அந்த நீதிமன்றத்துக்கும் தெரியாது.

11 படங்களுக்கு முதல் பரிசு

இந்த நிலையில்தான் 1946 கேன்ஸ் விழா. வேலையை முன்னின்று நடத்தியவர் அதே எர்லாஞ்சே. அவரும் யூதர், ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவாக இருந்து தப்பியவர். விழா நடந்தது நகராட்சி கேசினோவில். ஏற்பாடுகள் அரைகுறை. ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தின் ரீல்களை முன்பின்னாக மாற்றி ஓட்டிய கூத்தும் நடந்தது.

ஆனால் விருதுப் பட்டியலைப் பார்த்தால் வெனிஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். உயரிய விருதான கிராண்ட் பிரிக்ஸ், 11 நாடுகளின் 11 படங்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டது. இத்தாலியின் 'ரோம், ஓப்பன் சிட்டி', பிரிட்டனின் 'ப்ரீஃப் என்கவுன்ட்டர்', அமெரிக்காவின் 'தி லாஸ்ட் வீக்எண்ட்', மெக்சிகோவின் 'மரியா காண்டலேரியா' எல்லாம் அதில் உண்டு. எல்லாருக்கும் பரிசு என்றால் அது என்ன பரிசு என்று கேட்கலாம், கேள்வி நியாயம்தான். போரில் கிழிந்துபோன நாடுகளை ஒரே மேடையில் உட்கார வைக்க அன்றைக்கு அதுதான் வழியாக இருந்தது.

அந்த 11-ல் ஒன்று இந்தியப் படம். சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்'. பணக்காரர் ஒருவரின் சாக்கடைத் தண்ணீர் தாழ்வான பகுதியில் வாழும் ஏழைகளின் குடியிருப்புக்குள் திருப்பிவிடப்படுவதும், மக்கள் அதை எதிர்ப்பதும்தான் கதை. பண்டிட் ரவிசங்கர் இசை. இந்தியா அப்போது இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இருந்தது. கேன்ஸின் உயரிய விருதைப் பெற்ற ஒரே இந்தியப் படம் இன்றுவரை அதுதான்.

ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2024-ல் பாயல் கபாடியாவின் படம் வாங்கியதும் கிராண்ட் பிரிக்ஸ் தானே? பெயர் அதேதான், ஆனால் இப்போது அது இரண்டாவது இடம். தங்கப் பனை விருது 1955-ல்தான் வந்தது. 1946-ல் கிராண்ட் பிரிக்ஸ்தான் முதல் பரிசு.

எலும்புகள் சொன்ன சாட்சி

விழா முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்தப் பள்ளத்து எலும்புகளை மீண்டும் தோண்டி எடுத்தார்கள். பல் மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அது ழான் ஸே என்று உறுதியானது. 1948 மே மாதம் சொந்த ஊரான ஓர்லியானில் இறுதிச் சடங்கு. கொலையாளிகளில் ஒருவனான ஷார்ல் தெவெல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பிடிபட்டான். 1953-ல் ஆயுள் முழுக்கக் கடின உழைப்புத் தண்டனை கிடைத்தது. ஆனால் 1955-லேயே வெளியே வந்துவிட்டான்.

மனைவி காப்பாற்றி வைத்த சிறைக் குறிப்புகள் விழா நடந்த அதே 1946-ல் புத்தகமாக வந்தன. பிறகு பல ஆண்டுகள் அவர் பெயர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் அதிகம் தெரிந்தது. 2015 மே 27-ல், எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று பேருடன் சேர்த்து, தேசத்தின் மாமனிதர்களுக்கான பாரிஸ் பாந்தியோனில் ழான் ஸேக்கு இடம் கொடுக்கப்பட்டது.

நடக்காமல் போன 1939 விழாவின் கணக்கும் முடிக்கப்பட்டது. 2002 கேன்ஸில் ஒரு சிறப்பு நடுவர் குழு, அன்றைய போட்டிப் பட்டியலில் இருந்த படங்களைப் பார்த்து, 63 ஆண்டு தாமதமாகத் தங்கப் பனையை அறிவித்தது. வென்றது செசில் பி. டெமிலின் 'யூனியன் பசிபிக்'. 2019 நவம்பரில், ழான் ஸே பிறந்த ஓர்லியான் நகரத்தில், 1939 பட்டியலில் இருந்த படங்களைக் கொண்டுவந்து அந்த விழாவையே நடத்திக் காட்டினார்கள்.